அடித்த இடத்தில் கையெழுத்து

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது எங்கள் கம்பெனி வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சாரதாமணிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவள் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்ததும் நான்தான்.

என் பெயர் முனவர் பேகம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன், பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு எதிர் டேபிள் சாரதாமணியுடையது. ஃபைனல் செக்கிங். தைத்து, அயர்ன் பண்ணி வருகிற டீ-ஷர்ட் எல்லாம் அவள் கையில் ஒருமுறை புரண்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும். அவள் பார்த்துத் தள்ளினால் நான் மடித்துப் பெட்டியில் போடுவேன். அவள் தள்ளாவிட்டால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவள் சுலபத்தில் தள்ள மாட்டாள். ஆயிரத்து இருநூறு பீஸ் உள்ள லாட்டில் எண்பதை உருவிப் பார்ப்பாள். ஐந்து பழுது வரைக்கும் விடலாம், ஆறாவது வந்தால் மொத்த லாட்டும் திரும்பிப் போக வேண்டும். ஆறாவது ஒரு சின்னத் தையல் விட்டதாக இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் மூட மாட்டாள். ஒருமுறை தையல் லைனில் இருக்கிற ஒரு ஜார்கண்ட் பெண், தான் தைத்த லாட்டைத் திருப்பாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘தீதீ, தீதீ’ என்று அக்கா முறை சொல்லி அழுதாள். சாரதாமணியின் கண்ணும் கலங்கியது, ஆனால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் துடைத்துக்கொண்டாள். தையல் லைனில் அவளுக்கு ‘ரிஜெக்ட் சாரதா’ என்றே பெயர்.

மற்றபடி வாயில்லாப் பூச்சி. முப்பத்தாறு வயது, குன்னத்தூர்ப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரர் பெயர் நல்லான், மங்கலத்தில் தறி ஓட்டுகிறார். மகள் யாழினி எட்டாவது படிக்கிறாள். பத்தாவது பரீட்சை எழுதிய மறு மாதமே சாரதாமணிக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். ரிசல்ட் வந்தபோது அவள் புருஷன் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாளாம். நாலு பாடத்தில் பாஸ், கணக்கில் மட்டும் இருபத்திரண்டு. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் அன்றோடு அதை மறந்துவிட்டாள்.

இந்த வருடம் பொங்கல் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை அந்த மறதிக்கு வேட்டு வைத்தார்கள். எச்.ஆர். சண்முகப்பிரியா மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறான், ஃபைனல் செக்கிங்கில் கையெழுத்துப் போடுகிறவர் குறைந்தது பத்தாவது பாஸாக இருக்க வேண்டும். மே மாதக் கடைசிக்குள் சான்றிதழ் காட்டினால் டேபிள் அவளுக்கு, அதோடு இன்சார்ஜ் என்ற பெயரும். காட்டாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி டிப்ளமா முடித்த ஓர் ஆள் வருகிறான், அவள் கடைசிக் கூலிக்கு நூல் பிசிறு வெட்டப் போக வேண்டும்.

திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. பதினொரு வருடமாக அவள் கைபட்டுப் போன டீ-ஷர்ட்டைக் கப்பலில் வரவழைத்துப் போட்டவர்களில் எவனும் அவள் மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எழுது புள்ள. கணக்கு ஒண்ணுதான? நான் சொல்லித் தாரேன். நான் அந்தக் காலத்துலயே எழுபத்தொண்ணு!” என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் அதுதான். கெடு தாண்டிவிட்டதால் தக்கலில் கூடுதல் பணம் கட்டி ஏப்ரல் பரீட்சைக்கு மனுப் போட்டோம். புதுப் புத்தகத்தை வாங்கித் திறந்த பிறகுதான் தெரிந்தது, நான் படித்த கணக்கு வேறு, இது வேறு. தினமும் விடியற்காலையில் சோறு வடிக்கும்போது செல்போனில் ஒரு வாத்தியார் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மத்தியானம் எல்லாம் தெரிந்தவள் மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அவள் எதிர்க் கேள்வி கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பகீர் பகீர் என்றிருக்கும்.

சாப்பாட்டு இடைவேளை முப்பது நிமிடம். பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு, மிச்ச இருபது நிமிடம் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து கணக்கு. அவள் அந்தப் பத்து நிமிடமும் சாப்பிட மாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

நிகழ்தகவு அவளுக்குச் சுலபமாக வரும் என்று நினைத்தேன். ஒரு பையில் இத்தனை நீலப் பந்து, இத்தனை சிவப்புப் பந்து, பார்க்காமல் ஒன்றை எடுத்தால் சிவப்பு வர என்ன வாய்ப்பு? லாட்டில் பீஸ் உருவுகிற வேலைதானே! அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க்கா, இந்தப் பையைக் கட்டுனது யாருங்க?”

“எவனோ கட்டுனான். உனக்கென்ன?”

“இல்லீங்க்கா. கட்டுனவன் சிவப்பை அடியில வெச்சிருப்பான். மேலாப்புல கையை விட்டா நீலந்தான வரும்?”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினொரு வருடத்தில் அவள் பார்த்த ஒவ்வொரு பெட்டியிலும் நல்ல பீஸ் மேலே, கோணல் பீஸ் அடியில். எந்தப் பந்துக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு என்று புத்தகம் சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை. “இந்தப் பையைக் கட்டுனவன் ரொம்ப நல்லவன், குலுக்கிக் கட்டியிருக்கான், போதுமா?” என்று கத்தினேன். அதற்கு அப்புறம் அவள் ஒவ்வொரு கணக்குக்கு மேலேயும் சின்ன எழுத்தில் ‘குலுக்கியது’ என்று எழுதிக்கொண்டுதான் ஆரம்பிப்பாள்.

மார்ச் முதல் வாரம் அடுத்த கூத்து. ஆறு நீலப் பந்தோடு எக்ஸ் சிவப்புப் பந்து இருக்கிறது, இன்னும் நாலு சிவப்பைப் போட்டால் சிவப்பு வருகிற வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகிறது, எக்ஸ் எத்தனை? அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் சேர்ந்து வருகிற கணக்கு. அன்று காலையில்தான் அதை நானே கற்றிருந்தேன். அவள் ஒரு தப்பில்லாமல் போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் எக்ஸ் இரண்டு அல்லது மைனஸ் பன்னிரண்டு என்று நிறுத்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அவ்வளவுதான். மைனஸை அடிச்சுடு, ரெண்டுன்னு எழுது.”

அவள் அடிக்கவில்லை. “அடிச்சுட்டா அந்தப் பன்னெண்டு எங்க போச்சுன்னு கேக்க மாட்டாங்களா?”

“எது எங்க போச்சு?”

“மைனஸ் பன்னெண்டுன்னா பன்னெண்டு ஷார்ட்டேஜ் தானுங்க்கா? கணக்குச் சொல்லாம அடிச்சா நாமதான் எடுத்துட்டம்பாங்க.”

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பந்து மைனஸில் இருக்காது, இருக்கவே முடியாது, அது சும்மா வந்த விடை என்று தொண்டை வற்றச் சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினாள். ஸ்கேலை வைத்து மைனஸ் பன்னிரண்டின் குறுக்கே நேராக ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இரண்டு என்று எழுதி, அதன் ஓரத்தில் ‘சா.ம.’ என்று குட்டியாகக் கையெழுத்துப் போட்டு, நோட்டை என்னிடம் தள்ளினாள். நான் பேனாவை எடுத்து, அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

இதை இங்கே விளக்கிவிட வேண்டும். எங்கள் செக்கிங் ரிப்போர்ட்டில் ஒரு எண் தப்பாகிவிட்டால் கிறுக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. அடித்தது என்ன என்று படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, அடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே இன்னொருவர் சாட்சிக் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் ஒரு எண்ணை அடித்திருந்தால் ஆடிட்டுக்கு வருகிறவன் ஃபைலையே தூக்கி எறிவான். எங்கள் இருவருக்கும் அது சோறு தின்கிற மாதிரி கையோடு ஒட்டிய பழக்கம். மூன்று மாத வீட்டுப்பாட நோட்டில் அவள் அடித்த இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்து இருந்தது, அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது. எழுபத்தொன்று வாங்கிய இந்த மேதாவிக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

பரீட்சை பல்லடம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். மூன்று மணி நேரமும் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று எனக்குத் தெரிந்த துவாவெல்லாம் ஓதினேன். ஒன்றே கால் மணிக்கு வெளியே வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

“வரைபடம் போட்டுட்டனுங்க்கா. வடிவியலும் போட்டுட்டேன். அவசரத்துல கொஞ்சம் தப்பு வந்துச்சு. ஆனா எதையும் கிறுக்கிலீங்க. அடிச்ச எடத்துல எல்லாம் ஒத்தக் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“நல்லது புள்ள” என்றேன். சொல்லி முடிக்கவில்லை, என்னமோ உறுத்தியது. அவள் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். எறும்பு எழுத்தில் பத்துப் பன்னிரண்டு விதிகள். ஆறாவதோ ஏழாவதோ, விடைத்தாளின் உள்ளே பெயர், கையெழுத்து, அடையாளக் குறி எதுவும் இடக் கூடாது, மீறினால் விடைத்தாள் செல்லாது.

யா அல்லாஹ், மூன்று மாதமாக நோட்டில் இதைப் பார்த்துப் பார்த்துச் சாட்சி போட்டவள் நானல்லவா! மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். டிக்கெட்டைப் பிடுங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“வா, பஸ் வந்துரும். பேசாம இரு. எவனும் பாக்க மாட்டான்” என்றேன்.

“தப்பு இருக்கறது தெரிஞ்சுட்டே பெட்டியை ஒட்ட முடியுமாங்க்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு மறுபடியும் கேட்டுக்குள் போய்விட்டாள். நானும் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

தலைமைக் கண்காணிப்பாளர் ஒரு டீச்சரம்மா. சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டோம். சாரதாமணி கைகட்டி நின்று சொன்னதைக் கேட்டு அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“எதுக்கும்மா போட்டீங்க?”

“வேலைப் பழக்கமுங்க மேடம்.”

“எத்தன எடத்துல?”

“பதினோரு எடத்துலீங்க.”

எண்ணி வைத்திருக்கிறாள், பாருங்கள்! டீச்சரம்மா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். “கட்டுக்கு சீல் வெச்சாச்சும்மா. இனி என் கையில ஒண்ணுமில்ல. திருத்துறவங்க என்ன நெனைக்கிறாங்களோ, அதுதான். போங்க” என்றார்.

அன்றிலிருந்து ரிசல்ட் வரைக்கும் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். நல்ல மனுஷன் சலாவுதீன், குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்குக் கேள்வித்தாளை வைத்து அவள் போட்டதை எல்லாம் நான் உட்கார்ந்து கூட்டினேன். ஒரு மார்க் கேள்வியில் எட்டு, இரண்டு மார்க்கில் ஆறு, ஐந்து மார்க்கில் ஏழு, வடிவியலில் ஆறு, வரைபடத்தில் ஐந்து. முப்பத்திரண்டு. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். திரும்பத் திரும்பக் கூட்டினேன், எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் முப்பத்திரண்டுதான். கையெழுத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் அவள் ஃபெயில். இதை அவளிடம் சொல்லவில்லை. அவளே கூட்டிப் பார்த்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும், அவளும் சொல்லவில்லை.

அவள் வேலையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பீஸ் பீஸாகப் புரட்டினாள். இடையில் ஒரு நாள் டிப்ளமாக்காரன் வந்து அவள் டேபிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லைட்டை இந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன்தான், அவனைத் திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுவே எனக்கு எரிச்சல். அன்று சாரதாமணி டேபிள் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள், “ஃபெயில்னா பரவால்லீங்க்கா. பிசிறு வெட்டிக்கறேன். செல்லாதுன்னு போட்டா, திருட்டுத்தனம் பண்ணுனவள்னுதான அர்த்தம்? யாழினிக்கு என்னன்னு சொல்றது?” எனக்கும் சேர்த்துத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள், ஒரு நாள்கூட ‘நீங்கதான பாத்துட்டிருந்தீங்க’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

ரிசல்ட் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே வந்துவிட்டது, ஆனால் லைனுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. மத்தியான மணி அடித்ததும் லாக்கருக்கு ஓடினோம். பரீட்சை எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாரதாமணி திரும்பி நின்றுகொண்டு சுவரைப் பார்த்தாள்.

கணிதம், முப்பத்தைந்து. தேர்ச்சி.

நான் கத்திய கத்தலில் கேண்டீனில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். பெயர் சரியா, எண் சரியா, பிறந்த தேதி சரியா என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே, ஒட்டாத ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி அமுங்கியது.

“முப்பத்திரெண்டுக்குத் தானுங்க்கா எழுதியிருந்தேன்” என்றாள்.

“இருக்கட்டும் புள்ள. பாஸ்னா பாஸ்தான். மூணு மார்க் எங்கயோ தேடிப் போட்டிருக்காங்க.”

“பதினோரு எடத்துல கையெழுத்து. அதையும் பாத்துட்டு, அதுக்கு மேல தேடியிருக்காங்க.” மூன்று மாதத்தில், ஐந்து வாரத்தில் ஒரு சொட்டு விடாதவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். “அந்தப் பேப்பரு என்ற டேபிளுக்கு வந்திருந்தா, நான் பாஸ் போட்டிருக்க மாட்டனுங்க்கா.”

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. தையல் லைன் பெண்கள் வேறு கூடிவிட்டார்கள், அவளை அப்படிப் பார்த்து அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஃபெயிலாகிவிட்டாள் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “பாஸுதான்டி, பாஸாகித்தான் அழுகறா” என்று அவர்களை விரட்டினேன். மணி ஒன்று ஐம்பது. சண்முகப்பிரியா மேடம் இரண்டு மணிக்கு வெளியே கிளம்பிவிடுவார். நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, முகத்தைத் துடைத்துவிட்டு, ஆபீஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.